காளியின் கல்லும் கண்காட்சி வளையமும்

பெங்களூரு கஸ்தூரிபா சாலையில், 1865இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. மண்டியா மாவட்டம் மத்தூர் வட்டத்து ஆதகூரிலிருந்து கொண்டுவரப்பட்டது. நாயொன்றும் காட்டுப் பன்றியொன்றும் மோதும் சிற்பம், அதைச் சூழப் பழங்கன்னட எழுத்து. பொ.ஆ. 949–50ஐச் சேர்ந்த இந்தக் கல்வெட்டை வரலாற்றாசிரியர்கள் தேடிப்போவது தக்கோலப் போருக்காக. சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த அந்தப் போரில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்குத் துணைநின்றவன் கங்க மன்னன் பூதுகன். பூதுகனின் வீரர்களில் ஒருவன் மணலேரன். அவனுடைய ஆற்றலில் மகிழ்ந்து, வேண்டியதைக் கேள் என்றார்கள். அவன் ஊர் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு ஒரு பெரும் பன்றியோடு போராடிக் காளி இறந்தது, பன்றியும் இறந்தது. ஆதகூர்க் கோயிலுக்கு முன் நாய்க்குக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டார்கள்.

தமிழகத்தில் இதற்கும் முந்தைய ஒன்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுந்தது. எருமைகளைக் காக்கும் பூசலில் கருந்தேவக்கத்தி என்பவன் பட்டான். அவனுடைய நாய் கள்ளர்களைக் கடித்துவிட்டு அவனருகே காவல் நின்றது. அந்த நாயின் பெயரைக் கல் தனியே சொல்கிறது: கோவிவன்.

இந்த இரண்டு நாய்களும் என்ன நிறம், எத்தனை அங்குல உயரம், என்ன இனம் என்பதைப் பற்றிக் கல்வெட்டில் ஒரு சொல்லும் இல்லை. பெயரும் செயலும் மட்டுமே பொறிக்கப்பட்டன. இன்றைய நாய்க் கண்காட்சி இதற்கு நேர் எதிர்த்திசையில் இயங்குகிறது. அங்கே உயரம், எலும்பமைப்பு, பல்வரிசை, நடை எல்லாம் அளந்து பார்க்கப்படும். பெயரை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். கண்காட்சி ஒழுக்கம் என்று சொல்லப்படும் பலவும் இந்த ஒரு விதியைக் காப்பதற்காகவே வளர்ந்தவை என்பது என் எண்ணம். அதனால்தான் நாய்க்குப் பெயர் வைப்பதையும் வளையத்தில் நடந்துகொள்ளும் முறையையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

பெங்களூரு அரண்மனை மைதானத்தில் நடக்கும் ஒரு டாக் ஷோவை எடுத்துக்கொள்வோம். கயிறு கட்டி வளைத்த இடம்தான் ரிங். நாயை நடத்திக் காட்டுகிற ஹேண்ட்லரின் கையில் ஓர் எண் கட்டப்பட்டிருக்கும். நடுவரிடம் உள்ள புத்தகத்தில் பிரிவும் எண்ணும் மட்டும் இருக்கும். நாயின் பெயர், தாய் தந்தை, வளர்த்தவர், உடைமையாளர் ஆகிய விவரங்கள் கேட்டலாக் எனப்படும் அச்சுப் பட்டியலில் இருக்கும். பார்வையாளர் யார் வேண்டுமானாலும் அதை வாங்கிப் படிக்கலாம். நடுவர் மட்டும் தீர்ப்பு முடியும்வரை அதைத் திறக்கக்கூடாது. 1911இல் தொடங்கிய பன்னாட்டுக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் விதி இது. கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர், தீர்ப்புச் சொல்பவருக்கு மட்டும் தெரியாமல் இருக்க வேண்டும்.

நடுவருக்கான மற்ற கட்டுப்பாடுகளும் இதே காரணத்தால் வந்தவைதாம். தாம் தீர்ப்பளிக்கும் கண்காட்சியில் தம் நாயைக் கொண்டுவரக்கூடாது. கடந்த ஆறு மாதங்களுக்குள் தம்மிடம் இருந்த நாயையோ, தாம் பழக்கிய நாயையோ மதிப்பிடக்கூடாது. தம்மிடம் நாய் காட்டப்போகிறவரோடு ஒரே வண்டியில் வந்திறங்கக்கூடாது. அவர் வீட்டில் தங்கவும் கூடாது. பெங்களூரு போன்ற ஊரில் நாய் வளர்ப்பவர்களின் வட்டம் சின்னது. ஒரே கால்நடை மருத்துவர், ஒரே தீவனக் கடை, ஒருவர் நாய்க்கு இன்னொருவர் நாயோடு சேர்க்கை. யாருக்கும் யாரும் அந்நியர் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் நடுவரும் போட்டியாளரும் காலையில் ஒரு வணக்கத்தோடு விலகி நிற்பது அன்பில்லாமையின் அடையாளம் ஆகாது. கடைசி வரிசையில் முதல்முறையாக நாய் கொண்டுவந்து நிற்கும் ஒரு கல்லூரி மாணவிக்கு அவர்கள் செய்யும் மரியாதை அது.

வளையத்துக்குள் நடப்பது அதிக நேரம் பிடிப்பதில்லை. ஹேண்ட்லர் நாயை நான்கு கால்களும் சரியாகப் பதிய நிறுத்துகிறார். இதை ஸ்டாக் பண்ணுவது என்பார்கள். நடுவர் நாயின் வாயைத் திறந்து பற்கள் பொருந்துவதைப் பார்க்கிறார். தோள், விலா, இடுப்பு என்று கையால் தடவிப் பார்க்கிறார். ஆண் நாயென்றால் இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்று பார்க்கிறார். சிறிய இனங்களை மேசைமேல் ஏற்றுகிறார்கள். பிறகு முக்கோணமாக ஒரு நடை, நேராகப் போய்த் திரும்பும் ஒரு நடை. இந்த நேரத்தில் அடுத்த நாயின் மேல் இடித்துக்கொண்டு ஓடுவது, நடுவருக்கும் பக்கத்து நாய்க்கும் இடையில் புகுந்து மறைப்பது, பொம்மையை ஒலிக்கச்செய்து மற்ற நாயின் கவனத்தைக் கலைப்பது எல்லாம் பழிக்கு உரியவை. நடுவர் கேட்டால் நாயின் வயதைச் சொல்லலாம். அதற்கு மேல் பேசக்கூடாது. போன வாரம் எங்கே பரிசு வாங்கியது என்பதைச் சொல்வது பெரும் பிழை.

பெயரைப் பற்றிய மிக நுட்பமான விதி ரிங்குக்கு வெளியே இருக்கிறது. களைத்துத் தலை கவிழ்ந்து நிற்கும் நாய், தன் வீட்டார் குரலில் தன் பெயரைக் கேட்டால் சட்டென்று காதை நிமிர்த்தும், கழுத்து உயரும், கண்ணில் ஒளி வரும். நடுவர் விரும்பும் தோற்றம் அதுவே. ஆகவே கூட்டத்தில் ஒளிந்து நின்று பெயர் சொல்லி அழைப்பது, விசில் அடிப்பது, கைக்குட்டை அசைப்பது ஆகியவற்றுக்கு டபுள் ஹேண்ட்லிங் என்று பெயர், எஃப்.சி.ஐ. அதைத் தடைசெய்திருக்கிறது. குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்கு இது புரிய வைக்கக் கடினமான விதி. தங்கள் நாய் ஓடும்போது பெயர் சொல்லிக் கூவி உற்சாகப்படுத்தக்கூடாது என்றால் பிள்ளைகளின் முகம் வாடும். என்றாலும் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் ஆயிரம் முறை அன்போடு சொன்ன சொல்லுக்கு அந்த நாய் மேல் இருக்கும் ஆற்றல் அவ்வளவு. அந்த ஆற்றலை அங்கே பயன்படுத்தினால் பக்கத்து நாய்க்கு அநீதி.

பார்வையாளருக்கு உள்ள ஒழுங்குகள் எளியவை. கேட்காமல் எந்த நாயையும் தொடவேண்டாம், உணவு நீட்டவேண்டாம். ஷிட்ஸு போன்ற இனங்களின் முடியைச் சீவிக் கட்ட மணிக்கணக்கில் உழைத்திருப்பார்கள். கொஞ்சும் ஆசையில் ஒரு கை அதைக் கலைத்துவிடும். பூட்டிய காருக்குள் நாயை விட்டு வருவது பெங்களூரு வெயிலிலும் கொலைக்குச் சமம். தடுப்பூசிச் சான்று இல்லாத நாயை வேடிக்கை காட்ட அழைத்துவருவதும் அப்படியே: பார்வோ வைரஸ் ஒரு மைதானத்திலிருந்து நூறு வீடுகளுக்குப் போக வழி அது. தோற்றவர் நடுவரோடு வாதிடக்கூடாது. ஆனால் எல்லாம் முடிந்தபின் பணிவாகப் போய், என் நாயிடம் குறை என்னவென்று கேட்கலாம். நல்ல நடுவர்கள் அதற்கு நேரம் ஒதுக்குவார்கள். தகுதியான நாய் இல்லையென்று தோன்றினால் பரிசையே நிறுத்திவைக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

இப்போது கேட்டலாக்கில் அச்சாகியிருக்கும் அந்த நீண்ட பெயருக்கு வருவோம். அது எப்படி வந்தது என்பதில் ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. நவீன நாய்க் கண்காட்சியின் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1859 ஜூன் மாதம் இங்கிலாந்தின் நியூகாசிலில், பாயிண்டர், செட்டர் ஆகிய இரு வேட்டையினங்களுக்காக நடந்த ஒன்று. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தோன்றியது. அடுத்த ஆண்டே வம்சப் பதிவேடு வெளியிட்டது. உடனே ஒரு சிக்கல். பாப், ஜெட், விக் என்று ஒரே பெயரில் ஏராளமான நாய்கள். பரிசு வாங்கிய பாப் எது, அதன் பெயரைச் சொல்லி விற்கப்படும் பாப் எது என்று சொல்லமுடியவில்லை. 1880இல் அனைவருக்குமான பதிவுமுறையைக் கொண்டுவந்தார்கள். முதலில் கடும் எதிர்ப்பு. அன்று பதிவு என்பது பெயரைப் பதிந்து வைப்பது மட்டுமே. தாய் தந்தை விவரத்துக்கு முக்கியத்துவம் பின்னால்தான் வந்தது. பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கப்போய், ஒரு நாயின் முன்னோரைத் தலைமுறை தலைமுறையாகத் தேடிப்போகும் கருவி ஒன்று உருவாகிவிட்டது.

ஒரே பெயர் இருவருக்கு வராமல் தடுக்க ஒவ்வொரு நாடும் ஒரு வழி கண்டது. வளர்ப்பகத்தின் பெயரை நாயின் பெயரோடு ஒட்டுவது எங்கும் உள்ள வழக்கம். பிரிட்டனில் இரண்டும் சேர்ந்து 24 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும். அமெரிக்கப் பதிவகம் ஓர் இனத்துக்குள் ஒரே பெயரை 37 நாய்களுக்கு வரை அனுமதிக்கிறது. ஜெர்மானியர் ஓர் ஈற்றில் பிறந்த குட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர் வைப்பார்கள். ஒரு வளர்ப்பகத்தின் முதல் ஈற்றுக்கு எல்லாம் ‘ஏ’. பிரெஞ்சு முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே ஆண்டுக்கு ஓர் எழுத்து. கே, கியூ, டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் ஆகியவற்றை விட்டுவிட்டு இருபது எழுத்துகள் சுழன்று வரும். 2005இல் ‘ஏ’ வந்தது; மீண்டும் 2025இல் ‘ஏ’. பெயரைக் கேட்டதுமே நாயின் வயது தெரிந்துவிடும்.

இந்தியாவில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா பதிவைச் செய்கிறது. பதியப்படும் நாய்க்கு மைக்ரோசிப்பும் பொருத்தப்படுகிறது. ஆக, கண்காட்சிக்குப் போகும் நாய்க்கு ஏட்டுப் பெயர் ஒன்று, தோலுக்கடியில் பதினைந்து இலக்க எண் ஒன்று, அன்றைக்குக் கையில் கட்டிய எண் ஒன்று. இவை எதற்கும் நாய் திரும்பிப் பார்க்காது. அது திரும்பிப் பார்ப்பது வீட்டுப் பெயருக்கு மட்டும்.

வீட்டுப் பெயரைப் பற்றி மனிதர் சிந்திக்கத் தொடங்கி வெகுகாலம் ஆகிறது. கிரேக்கரான செனபோன், பொ.ஆ.மு. 4ஆம் நூற்றாண்டில், வேட்டை நாய்களுக்கு அழைக்க எளிதான குறும்பெயர்கள் வேண்டும் என்று சொல்லி 47 பெயர்களைப் பட்டியலிட்டார். முதல் நூற்றாண்டு ரோமானியரான கொலுமெல்லா, பெயர் நீளமாகவும் இருக்கக்கூடாது, இரண்டு அசைக்குக் குறையவும் கூடாது என்றார். அவர் தந்த பெண் நாய்ப் பெயர்களில் ஒன்று திக்ரிஸ், அதாவது புலி. நம் தெருக்களில் இன்றும் வாழும் டைகருக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது. வேத மரபில் யமனுடைய நாய்களின் பெயர் சியாமன், சபலன்; கரியது, புள்ளியுடையது. கருப்பன், செவலை என்று நம் ஊரில் வைப்பதும் இதே வழியில்தான். காளியும் கோவிவனும் கொலுமெல்லா சொன்ன அளவை ஒட்டியே இருக்கின்றன. காட்டில் குரல் கொடுத்து அழைக்க வேண்டியவர்கள் எங்கே வாழ்ந்தாலும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

பெங்களூருவில் இதோடு இன்னொரு கணக்கும் சேர்கிறது. அல்சூரிலோ ஃப்ரேசர் டவுனிலோ ஒரு தமிழ் வீட்டு நாயைத் தமிழில் பாட்டி அழைப்பார், கன்னடத்தில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி அழைப்பார், இந்தியில் காவலாளி அழைப்பார், பயிற்சிக்காரர் ஆங்கிலத்தில் கட்டளையிடுவார். மகிழன், யாழி என்று ஆசையாக வைத்தால் அந்த ழகரம் வாசலைத் தாண்டியதும் உருமாறிவிடும். ஒரே நாய் நான்கு ஒலியில் அழைக்கப்பட்டுக் குழம்பும். கிட்டு என்ற பெயர் ‘சிட்’ என்ற கட்டளைக்கு மிக அருகில் நிற்கிறது. நோவா என்று வைத்தால் ‘நோ’ என்று அதட்டும்போதெல்லாம் பெயரின் பாதி வந்துவிடும். பால்நிறக் குட்டிக்கு இனிப்பின் நினைவாகப் பேடா என்று பெயரிட்டால், கன்னடத்தில் வேண்டாம் என்று சொல்லும் சொல்லும் ஏறக்குறைய அதே ஒலிதான். கண்டிக்கும் சொல்லும் அழைக்கும் பெயரும் நாயின் காதில் கலக்கக்கூடாது. திட்டும்போது பெயரைச் சொல்லாமல் இருப்பது இன்னும் நல்லது. பெயர் கேட்டால் ஓடிவர வேண்டுமென்றால், அந்தப் பெயரின்பின் எப்போதும் நன்மையே வரவேண்டும்.

அண்டை வீட்டார் பெயரையோ, ஒரு சமூகத்தார் போற்றும் பெயரையோ நாய்க்கு வைக்கக்கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. நாய் என்பதே வசைச்சொல்லாக வழங்கும் நாட்டில் அதனால் தெருச்சண்டை வரும். நாயின் மேல் கல்லும் விழும்.

நம் பெயர்களுக்குப் பயன்பாட்டில் எந்தக் குறையும் இல்லை. தாவணகெரே காவல்துறையில் கொலை வழக்குகள் பலவற்றில் துப்புக் கொடுத்துப் புகழ்பெற்ற டாபர்மேனின் பெயர் துங்கா. மலைநாட்டு நதியின் பெயர்; இரண்டே அசை; யார் வாயிலும் சிதையாது. அந்த நாய் மறைந்தபின் வந்ததற்குத் துங்கா–2 என்று பெயரிட்டார்கள். பந்திப்பூர்க் காட்டில் பணியாற்றிய மோப்ப நாயின் பெயர் ராணா. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை, 2020 எல்லை மோதலுக்குப் பிறகு பிறந்த மாலினோய் குட்டிகள் பதினேழுக்கும் மேற்கத்தியப் பெயர்களை விட்டு, கல்வான், ரெசாங் என்று லடாக்கின் இடப்பெயர்களை வைத்தது. கண்காட்சிக் கேட்டலாக்கைப் புரட்டினால் இந்த மாற்றம் அங்கே இன்னும் போதுமான அளவு வரவில்லை என்பது என் குறை. இந்த மண்ணின் வேட்டை நாய்கூட ஏதோ ஓர் ஆங்கிலப் பிரபுவின் பெயரில் நிற்கிறது.

இனத்தின் பெயரிலேயே நமக்குச் சிக்கல் உண்டு. கர்நாடகத்தின் பாகல்கோட்டை மாவட்டத்து முதோள் வேட்டை நாயை எடுத்துக்கொள்ளுங்கள். மெலிந்த உடல், நீண்ட கால், பார்வையால் வேட்டையாடும் இனம். முதோள் அரசராயிருந்த மாலோஜிராவ் கோர்ப்படே ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு ஓர் இணையைப் பரிசளித்தார் என்பதை ஊர்மக்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். 2005 ஜனவரியில் இமாலய ஆட்டுநாய், ராம்பூர், ராஜபாளையம் ஆகியவற்றோடு முதோளுக்கும் அஞ்சல்தலை வந்தது. 2016இல் மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடைப் படை மையத்துக்குக் குட்டிகள் போயின. 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமரின் வானொலி உரையிலும் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பையோடு இந்தப் பெயர் ஒலித்தது. ஆனால் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் ஏட்டில் இதன் பெயர் கேரவன் ஹவுண்ட். இன்னொரு பதிவகம் முதோள் ஹவுண்ட் என்கிறது. சிற்றூர்க்காரர்கள் கர்வானி என்பார்கள். பெயர் பிரிந்தால் பதிவு பிரிகிறது, பதிவு பிரிந்தால் ஏற்கெனவே சிறிய இனக்கூட்டம் தாளில் இன்னும் சிறியதாகிவிடுகிறது. பெங்களூருவில் வாழ்ந்து எழுதிய சு. தியடோர் பாஸ்கரன், 2017இல் வெளியான இந்திய நாய்களைப் பற்றிய தம் ஆங்கில நூலிலும் பல தமிழ்க் கட்டுரைகளிலும் இந்த இனங்களுக்காகத் தொடர்ந்து வாதாடியிருக்கிறார். அவர் எழுத்தைப் படித்தபிறகே நம் நாய்களைத் திரும்பிப் பார்த்தவர்கள் தமிழில் பலர்.

இனப்பெயருக்குச் சட்டத்தில் என்ன எடை என்பதும் இங்கேயே தெரிந்தது. 2024 மார்ச் 12 அன்று ஒன்றிய அரசு ராட்வைலர் உள்ளிட்ட 23 வகை நாய்களைத் தடைசெய்யச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏப்ரல் 10 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. தொடர்புடையோரைக் கலந்தாலோசிக்காதது முக்கியக் காரணம். எந்த நாய் எந்த இனம் என்று எதை வைத்துச் சொல்வது என்ற கேள்விக்கு, வம்சப் பதிவைத் தவிர நம்பத்தக்க விடை எளிதில் கிடைப்பதில்லை.

பதிவேடு தானாகவே நன்மை செய்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் பரிசுக் கோப்பைக்காக நெருங்கிய உறவுக்குள் சேர்க்கை நடத்தியதன் கொடுமையை 2008இல் பிபிசி ஆவணப்படம் ஒன்று அம்பலப்படுத்தியது. அடுத்த ஆண்டு அங்குள்ள கென்னல் கிளப் தாய்–மகன், தந்தை–மகள், உடன்பிறப்புச் சேர்க்கைகளின் குட்டிகளைப் பதிய மறுக்கத் தொடங்கியது. 2022இல் வந்த கன்னடப் படமான ‘777 சார்லி’ அதே துயரைக் கர்நாடகத்தின் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. ஆனால் உறவுக்குள் சேர்க்கை நடந்ததா என்று கண்டுபிடிக்கவும் அதே ஏடுதான் வேண்டும். தாய் பெயரும் தந்தை பெயரும் எழுதப்படாத இடத்தில் அந்தத் தவறு நடக்கும், யாருக்கும் தெரியாமலே நடக்கும். ராஜபாளையத்திலும் முதோளிலும் நாய்களின் வம்சத்தை நினைவிலிருந்து சொல்லும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நினைவில் இருப்பது அடுத்த தலைமுறைக்குத் தாளில் வந்தாக வேண்டும்.

அதற்கு வழி அடைபட்டிருக்கவில்லை. முன்னோர் விவரம் தெரியாத நாட்டு இன நாயையும் நடுவர்கள் நேரில் பார்த்துத் தனி நாயாகப் பதிய இடமுண்டு. அதன் குட்டிகளிலிருந்து வம்ச வரிசை தொடங்கும். கண்காட்சிகளில் இந்தியாவிலேயே பிறந்த நாய்களுக்குத் தனிப் பிரிவும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு விதிகளின்படி இரண்டு மாதம் நிரம்பாத குட்டியை விற்கக்கூடாது. அந்த இரண்டு மாதம் தாயோடு இருக்கும் குட்டிகளைப் பார்த்துப் பெயர் யோசிக்கப் போதுமான காலம். முதோளுக்குப் பக்கத்துத் திம்மாப்பூரில், பீதர் கால்நடைப் பல்கலைக்கழகம் நடத்தும் நாய் ஆராய்ச்சி மையம் இந்த இனத்துக்காகவே இயங்குகிறது. பெங்களூருவிலிருந்து போய்க் குட்டி வாங்குகிறவர்கள் விலையையும் தடுப்பூசி அட்டையையும் கேட்பதோடு, தாயின் பெயர் என்ன, தந்தையின் பெயர் என்ன, அவற்றின் தாய் தந்தை யார் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். பதிவுப் படிவத்தில் அந்த ஆறு இடங்களையும் நிரப்பிவிட்டு, ஏழாவதாகத் தங்கள் குட்டிக்குக் கன்னடத்திலோ தமிழிலோ இரண்டசைப் பெயர் ஒன்றை எழுதட்டும்.